அறுபத்திரண்டாம் வீட்டுச் சாம்பல் புள்ளி

செத்துப்போன புள்ளி ஒன்று சாலையைக் கடந்து கடைக்குள் போனது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கணினித் திரையில் ஒரு லட்சம் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு ஆள். எழுந்து, வேலைக்குப் போய், கை குலுக்கி, ஒருவர் நோயை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் பொய் ஊர் அது. குடல் நோய் பரவினால் எந்தத் தெருவை அடைப்பது, மருந்தை எங்கே குவிப்பது என்று நிஜ ஊர் தெரிந்துகொள்ள, சுகாதார அலுவலகத்துக்காக அவள் கட்டிய ஊர். பச்சை நல்ல உடம்பு, சிவப்பு நோயாளி, சாம்பல் பிணம். பிணம் கிடந்த இடத்தில்தானே கிடக்க வேண்டும்?

தப்பு அவளுடையதுதான். சாகும்போது நிறத்தை மாற்றச் சொல்லியிருந்தாள், தினசரி வேலையை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டு மேலதிகாரியிடம் சொன்னாள். நம் ஆபீஸிலும் அப்படி நாலு பேர் இருக்கிறார்களே என்று அவர் சிரித்துவிட்டு, விடிந்தால் அறிக்கை போக வேண்டும், சீக்கிரம் சரிபண்ணு என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சாம்பல் புள்ளிகள் உணவகத்தில் பரிமாறின, தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கின. தொட்ட இடமெல்லாம் சிவப்பு. சீ!

கணக்கெடுப்பில் விவரம் இல்லாத ஒரு வீட்டுக்கு, அவசரத்தில் தன் வீட்டு ஆட்களையும் அவர்கள் வேலை நேரங்களையுமே போட்டு நிரப்பியிருந்தாள். எண் அறுபத்திரண்டு. அதை அழுத்திப் பார்த்தாள்.

அம்மா, பச்சை. மகள், பச்சை. அப்பா சாக்கடைக் குழாய் திறக்கப் போன இடத்தில் நோய் பட்டு, ஞாயிறு இரவே சாம்பல். திரையிலும், வெளியே நிஜத்திலும் இன்று புதன். மாலை ஆறு மணிக்கு அப்பா மகளுக்குச் சோறு ஊட்டுவார், அவளே தட்டிய வரி. திரையின் ஆறு மணியில் மகளின் புள்ளி சிவந்தது.

அவள் புருஷன் குழாய் ரிப்பேர்காரன். ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே ஒரு சாக்கடைக்குள் இறங்கினான். அன்று ராத்திரி முழுக்க வாந்தியும் பேதியும். திங்கள் காலையில் ஒன்றுமே நடக்காதவன்போல எழுந்து வேலைக்குக் கிளம்பினான், அவளும் அப்பாடா என்று ஆபீஸுக்கு ஓடி வந்தாள். அதற்கப்புறம் அவன் சாப்பிட்டதை அவள் பார்க்கவில்லை. மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தும் நாற்றம் போகவில்லை. சாக்கடை நாற்றம் என்றுதான் நினைத்தாள். ஆனால் சாக்கடை நாற்றம் இப்படித் தித்திக்காது. இன்று காலையில் அவன் படுத்த பக்கம் விரிப்பு ஈரமாக, பழுப்பாக, விரலில் ஒட்டியது. வேலை மும்முரத்தில் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு வந்திருந்தாள். இப்போது அந்த விரலை முகர்ந்தாள். அதே தித்திப்பு.

நிஜக் கடிகாரத்தில் மணி ஐந்தரைதான். போன் போட்டாள்.

"என்னங்க, பாப்பாவுக்கு நீங்க ஊட்டாதீங்க. நான் வந்துடறேன்."

"ஆறு மணிக்கு ஊட்டணும்ல."

"வேணாங்க, சொன்னா கேளுங்க. அவளைத் தொடாதீங்க."

"ஆறு மணிக்கு ஊட்டணும்ல."

அதே குரல், அதே இழுப்பு. நடுவில் மூச்சு வாங்கும் சத்தமே இல்லை.

ஓடினாள். பஸ் கிடைக்கவில்லை. வழி நெடுக, எனக்குத்தான் பைத்தியம், உட்கார்ந்தே வேலை பார்த்தால் புத்தி இப்படித்தான் கெடும் என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினாள். திட்டுவது தைரியம் தந்தது. மாடிப்படியில் அந்தத் தைரியம் போய்விட்டது. கீழ்ப்படியிலேயே ஈ மொய்த்தது. அவர்கள் வீட்டுக் கதவில் கறுப்பாக அப்பியிருந்தது.

கதவைத் தள்ளினாள்.

நாற்றம். மூக்கில் இல்லை, நாக்கில்.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு தாண்டி நாலு நிமிஷம். தரையில் அவன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் மகள். தட்டில் சோறு. பொறுமையாகப் பிசைந்துகொண்டிருந்தான். வயிறு உப்பி, சட்டைப் பொத்தான்கள் தெறித்திருந்தன. உதட்டோரம் ஈ உட்கார்ந்தது. உள்ளே போனது. வெளியே வரவில்லை.

"பாப்பா, அம்மாகிட்ட வா."

"அப்பா கை சில்லுன்னு இருக்கும்மா," என்றாள் மகள், வாய் நிறைய மென்றபடி.

கடக்கென்று ஏதோ கடிபட்டது. குழந்தை முகம் சுளித்தாள்.

"துப்புடி. துப்பு."

மகள் விழுங்கினாள்.

அவன் தன் ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பார்த்தான். நகம் இருந்த இடத்தில் வெளுத்த சதை. தோல் கையுறைபோல் மணிக்கட்டுவரை கழன்று தொங்கியது. அதைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு, அடுத்த வாய்க்குப் பிசைய ஆரம்பித்தான்.

மகள் வாயைத் திறந்தாள்.