சிலுவையை விட்டு விலகிய வெளிச்சம்

"மேடம், எங்க வூட்டுக்காரரு சிலுவைய நவுத்துட்டாராம்! சாயங்காலத்துக்குள்ள கோயில் சாவியக் குடுத்துடணும்கிறாங்க. ஈஸ்டர் மணி அடிக்க அவருக்குக் குடுத்துவைக்காது போல கீது!"

கூடுவாஞ்சேரி வீட்டு வாசலில் நின்று ரெபேக்காள் மூச்சுவிடாமல் சொன்னாள். ஓய்வுபெற்ற நில அளவையரும், ஊர்ப் புதிர்களைத் துப்புத்துலக்கிப் பேர் வாங்கியவருமான லோகநாயகி காபியை நிதானமாகக் குடித்து முடித்தார். அதற்குள் அவர் கணவர் உலகநாதன் கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார். வழக்கு என்று வந்துவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

சதுரங்கப்பட்டினத்து மங்கள வார்த்தை மாதா கோயில், கவிழ்த்து வைத்த படகு மாதிரியான கான்கிரீட் கட்டடம். 2016 ஜனவரியில் திறந்தார்கள். வரைபடம் போட்டவர் அதைப் பார்க்காமலே காலமாகிவிட்டார். அந்த ஆண்டுப் புனித வெள்ளி, பிற்பகல் மூன்று மணி. மேற்குக் கூரையின் இடுக்கு வழியாக இறங்கிய வெயில் பீடத்துச் சிலுவையில் நேராக விழுந்தது. ஊரே புதுமை, அற்புதம் என்று கண்ணீர் விட்டது.

இந்த ஆண்டுப் புனித வெள்ளி நேற்றுதான், ஏப்ரல் பதினான்கு. எட்டு ஊர் ஜனம் கைப்பேசியும் கையுமாகக் காத்திருந்தது. வெயில் சிலுவையை விட்டுவிட்டு, வலப்பக்கம் நின்ற பாடகர் குழுத் தலைவரின் வழுக்கையில் விழுந்தது. சிரிப்பை அடக்கியவர்கள் குறைவு. பிப்ரவரியில் வெள்ளையடித்தபோது ரெபேக்காளின் கணவர், கோயிலைத் திறந்து மூடி மணியடிக்கும் கோயில்பிள்ளை பெஞ்சமின்தான் சிலுவையை நகர்த்திவிட்டார் என்று தலைவர் சாதித்தார்.

கோயிலில் உலகநாதன் சிலுவையடியில் குப்புறப் படுத்தார். "லோகு, தடயம்! வெள்ளைக் கறை!"

"மெழுகுவத்தி ஒழுகினதுங்க. எழுந்திருங்க."

லோகநாயகி பார்த்துக்கொண்டிருந்தது சுவரில் ஒட்டியிருந்த ஒரு புகைப்படத்தை. ஒளியில் குளித்த சிலுவை, பீடம் நிறைய வெள்ளைச் சம்பங்கி.

"இது எப்போ எடுத்தது, ஃபாதர்?"

"போன வருஷப் புனித வெள்ளி" என்றார் பங்குத்தந்தை ஜோயல். "வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டிருந்தது. போன வாரம்தான் பிரிண்ட் போட்டோம்."

"புனித வெள்ளிக்குப் பூ வைப்பீங்களா?"

"சேச்சே! எங்க பங்குல தவக்காலம் முழுக்க, புனித வெள்ளி வரைக்கும் பூவே கிடையாது, கோயில் திருநாளைத் தவிர…"

"அந்தத் திருநாள்?"

"மார்ச் இருபத்தஞ்சு. போன வருஷம் அதே தேதியில புனித வெள்ளி வந்ததால, திருநாளை ஏப்ரல் நாலுக்குத் தள்ளி வெச்சோம்."

"அதான் விஷயம். கூரை இடுக்கு புனித வெள்ளிக்காக விட்டது இல்லை, மாதா திருநாளுக்காக விட்டது. போன வருஷம் ரெண்டும் ஒரே நாள்ல வந்து உங்களை ஏமாத்திடுச்சு. இந்த வருஷம் வெள்ளி இருபது நாள் பிந்தி வந்தது. அதுக்குள்ள சூரியன் வடக்கே நகர்ந்து, வெயில் தெற்கே ஒதுங்கிடுச்சு. போன வருஷம் ஈஸ்டருக்கும் தள்ளி வெச்ச திருநாளுக்கும் பூ வந்தப்போ வெயில் சிலுவையைத் தாண்டியிருக்கும். பூவும் வெயிலும் சேர்ந்து இருக்குன்னா, இந்தப் படம் போன மாசம் இருபத்தஞ்சாம் தேதி எடுத்ததுதான். அதாவது வெள்ளையடிச்ச பிறகு. சிலுவை நகரவே இல்லை."

"ஆனா திருநாள் பூசை காலையிலயே முடிஞ்சு பூட்டிட்டோமே. படம் யார் எடுத்தா?"

ஓரமாக நின்ற பெஞ்சமின் தயங்கியபடி வாயைத் திறந்தார். "டச்சுக் கோட்டை பாக்க வந்த பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு ஃபாதர். பாவம், தூரத்துலருந்து வந்துகினு கீதேன்னு தொறந்துவுட்டேன். நான் வெளிய நின்னுகினு இருந்தேன்."

ஃபாதர் முகம் சிவந்தது. சமாளிக்க நாட்காட்டியைப் புரட்டினார். "அடுத்த மார்ச் இருபத்தஞ்சுக்கு அமர்க்களப்படுத்திடலாம்! ஐயோ, அன்னிக்குக் குருத்து ஞாயிறு. திருநாளை மறுபடியும் தள்ளி வைக்கணும்."

"திருநாளைத் தள்ளி வைங்க. சூரியன் தேதி மாறாது. மூணு மணிக்குக் கோயில் திறந்திருந்தாப் போதும்."

ஃபாதர் மேசையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துப் பெஞ்சமின் கையில் வைத்து அழுத்தினார்.

"கேட்டுச்சா? மூணு மணிக்குத் திறக்கணும். இப்போ போய் மணிக்கயிறு சரியா இருக்கான்னு பாரு."