ஈரப்பனிக்கு அடியில்

சிஹாரு பனிக்குழி தோண்டுவதை நிறுத்தினாள். தோண்டும் சத்தம் நிற்கவில்லை.

சரக்... சரக்... காலடியில், எங்கோ ஆழத்தில், யாரோ பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"டோகாஷி சான், கேக்குதா?"

குழியின் விளிம்பில் குந்தி, பனிச்சுவரில் செருகிய வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த பனிச்சரிவு ஆய்வாளர் சிரித்தார். "உருகுன தண்ணி ஓடுது. என் சோத்து உருண்டையையும் சேத்து முழுங்குனீல்ல, அந்த வயிறுதான் உன் காதுல பேசுது."

டடேயாமா மலையில் ஏப்ரல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குளிர்காலம் முழுக்க இறுகிக் கிடந்த பனி இப்போது நனைந்த சர்க்கரையாய் அவள் விரலிடுக்கில் உதிர, கீழிருந்து சேற்று வாடையோடு, நெடுநாள் மூடிவைத்த ஈரத்துணியின் முடைநாற்றமும் மூச்சை அடைத்தது. உள்ளங்கையால் சுவரை அழுத்தினாள். ஒரு அடுக்கு அப்படியே வழுக்கி வெளியே வந்தது.

"மொத்தமா வழுக்குது. கீழ ரோட்டுல பனி வெட்டுறவங்கள உடனே போகச் சொல்லுங்க."

அவர் ரேடியோவில் சொன்னார். வண்டிகள் பின்வாங்கும் உறுமல் கேட்டது.

"போயிட்டாங்க. நீ ஏறி வா." கை நீட்டினார்.

அவள் பற்றினாள். அடியில் சத்தம் வேகமெடுத்தது. சரக் சரக் சரக். பல இடங்களில்.

மேலே சரிவு பிளந்தது.

மலை அவளைத் தூக்கி அடித்தது. உருட்டியது. நசுக்கியது. நின்றபோது இடுப்புவரை புதைந்திருந்தாள். வாயில் ரத்தம். திமிறி வெளியே வந்தாள். புதைந்தவர்களைக் காட்டிக்கொடுக்கும் தேடுகருவி, அவர் பக்கத்திலேயே இருப்பதாக அவள் மார்பில் அலறியது. வெறுங்கையால் பறண்டினாள். நகம் பிய்ந்தது. ஒரு கை. பிறகு முகம்.

டோகாஷி பனியைத் துப்பினார். அவள் மணிக்கட்டை இறுகப் பற்றினார்.

"இழு... கால புடிச்சிருக்கு."

"என்னது? மரமா?"

அவர் கண்கள் கீழே பார்க்க முயன்றன.

"இல்ல. நெறைய பேரு."

இழுத்தாள். அடியிலிருந்தும் இழுத்தார்கள். அவர் தோள் முறிந்த ஓசை. அவர் கத்தினார்.

"விட்டுடாத!"

"விடமாட்டேன்!"

அவர் கழுத்தைச் சுற்றிப் பனி அசைந்தது. வெளுத்த விரல்கள் முளைத்தன. தாடையைப் பற்றின. இன்னும் விரல்கள். வாய்க்குள். கண்ணுக்குள்.

ஒரே இழுப்பு.

பனி மூடிக்கொண்டது. சிவந்தது. அவள் மல்லாந்து விழுந்தாள்.

கை மட்டும் அவளிடம் இருந்தது. அதன் விரல்கள் அவள் மணிக்கட்டை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தன.