கல் குடிசைக்கு எந்த வழி?

“பனியைத் தோண்டிக்கிட்டு நிக்க இதுவாம்மா நேரம்? அங்க உங்க அண்ணன் கால் ஒடிஞ்சு கிடக்கிறாரு!”

குழுத் தலைவர் கதிரேசன் கத்தினார். அமலிக்குச் சுரீரென்றது. அவளுக்குத் தெரியாதா? “கால் முறிஞ்சிருச்சு, கல் குடிசையில இருக்கேன்...” காலையில் வாக்கி-டாக்கியில் அவ்வளவுதான் கேட்டது, பாட்டரி தீர்ந்துவிட்டது. தூத்துக்குடியிலிருந்து அவளோடு இமயமலைக்குப் பனிச்சறுக்குக்கு வந்த அண்ணன் செல்வின், நேற்று முகாமிலிருந்து ஒண்டியாகக் கிளம்பியவன், உறைய வைக்கும் குளிரில் தனியாகக் கிடக்கிறான். இருட்டுவதற்குள் அவனிடம் போய்ச் சேர வேண்டும்.

குடிசை சரிவுக்கு அந்தப் பக்கம். குறுக்கே சறுக்கினால் அரை மணி நேரம். மலைமுகட்டைச் சுற்றினால் மூன்று மணி நேரம்!

பனி தாங்குமா என்று பார்க்க, அமலி சரிவின் ஓரத்தில் மார்பளவுக்குக் குழி வெட்டினாள். மேலே, காற்று இறுக்கிய கெட்டிப் பாளம். அடியிலோ பனி சீனி போல உதிர்ந்தது. ஒரு தூணாக நறுக்கி, அதன் தலையில் ஷவலை வைத்துத் தட்டினாள். மூன்றாவது தட்டிலேயே பாளம் வழுக்கி விழுந்தது!

“பாத்தீங்களா சார்? நாம கால் வெச்சா மொத்தச் சரிவும் கிளம்பிரும்!”

“அதோ பாரு, யாரோ குறுக்கே போன தடம். அவங்க போகலையா?”

“போனவங்க என்ன ஆனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?” அமலி வெடித்தாள். “அங்க கிடக்கிறது என் அண்ணன் சார்! எனக்கில்லாத அவசரமா உங்களுக்கு?”

வழிகாட்டி தோர்ஜே, பனியில் ஆளைக் கிடத்திக் கொண்டுவரும் ஸ்லெட்ஜை இழுத்துக்கொண்டு முகட்டுப் பக்கம் திரும்பினான். கதிரேசன் முணுமுணுத்தபடி பின்தொடர்ந்தார்.

முகட்டில் பாதி தூரம்கூடப் போகவில்லை. தொம்! கீழே பனியில் ஒரு விரிசல் விறுவிறுவென ஓடியது. மறுகணம் சரிவு முழுவதும் இடிந்து பள்ளத்தில் பாய்ந்தது! தடமும் போயிற்று. கதிரேசனின் முகம் வெளுத்தது.

குடிசையில் செல்வின் நடுங்கிக்கொண்டிருந்தான். “எந்த வழியா வந்தீங்க?” என்றுதான் முதலில் கேட்டான்.

“முகட்டைச் சுத்தி.”

அவன் ஓவென்று அழுதுவிட்டான். “நேத்து நான் குறுக்கே வந்தேன்ட்டி. பாதியில காலுக்கடியில பனி தொம்முனு அமுங்கிச்சு. பயத்துல பாறை மேல பாய்ஞ்சு கால் போச்சு. தவழ்ந்துதான் இங்க வந்து சேர்ந்தேன். அந்த வழி வேணாம்னு சொல்றதுக்குள்ள பாட்டரி தீர்ந்திருச்சு!”

“குழி வெட்டிப் பாக்காமலா இறங்குன? அறிவிருக்கா உனக்கு?” அமலி அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே காலுக்குக் கட்டுப் போட்டாள்.

மறுநாள் மதியம் செல்வினை ஸ்லெட்ஜில் வைத்து இழுத்து வந்தபோது முகாமே விசிலடித்தது. எல்லாரும் கதிரேசனின் கையைக் குலுக்க வந்தார்கள்.

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “எனக்கு எதுக்கு? என் பேச்சைக் கேட்டிருந்தா இப்ப எங்க மூணு பேரையும் நீங்க பனிக்கடியில தேடிக்கிட்டிருப்பீங்க.”

அமலிக்குக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. “அடுத்த தடவை குழி நீங்கதான் வெட்டணும் சார்,” என்றாள்.

“வெட்டுறேம்மா,” என்றார் அவர்.