சிவப்புப் பொட்டு வைத்த கிண்ணம்

விடிந்தும் விடியாததுமாகச் சமையலறையில் பானைகள் உருண்டன. பிள்ளை பெற்ற மகள் ஹியெனுக்குத் துயெத் பப்பாளிக்காய் போட்டுப் பன்றிக்கால் சூப் வைத்துக்கொண்டிருந்தாள். அதிகாலையில் சுகாதார நிலையத்தில் அவளுக்கு ஆண் குழந்தை. சிரிக்க வேண்டிய வீட்டில் துயெத்தின் முணுமுணுப்புத்தான் கேட்டது.

சாப்பாட்டுத் தாம்பாளத்தின் நடுவே எல்லோரும் தொட்டுக்கொள்ளும் மீன்சாற்றுக் கிண்ணம். மூலையில் மருமகள் லொவானுக்கு மட்டும் தனிக் கிண்ணம். அடையாளத்துக்குச் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு. ஏழு வருடமாக இப்படித்தான்.

லொவான் ஹுவே நகரத்து ஆய்வகத்தில் ஈரல் நோய்க் கிருமியை ஆராய்பவள். நாத்தனாரின் குழந்தைக்கு இன்றைக்குள் தடுப்பூசி போட்டாக வேண்டும், தாமதித்தால் பலன் குறைந்துவிடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"உன் ஊசியும் வேணாம், உன் நிழலும் வேணாம். கிருமியோட குடித்தனம் பண்ணி நோயை வாங்கிட்டு வந்தவ நீ. இப்ப என் பேரனுக்கும் குடுக்கணுமா? ஊசி போடக் கூடாதுன்னு நர்ஸுகிட்ட சொல்லிட்டேன்."

லொவான் கணவனைப் பார்த்தாள். அந்த நல்ல மனிதன் வின், கஞ்சியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

துயெத்தின் மூத்த மகன் காங் ஈரல் புற்றில் செத்தபோது வீட்டிலுள்ளவர்களின் ரத்தத்தைச் சோதித்தவள் லொவான்தான். அவளுக்கு ஒன்றுமில்லை. கிருமி மாமியாரிடம் உறங்கிக் கிடந்தது. வின்னின் ஈரலைத் தின்னத் தொடங்கியிருந்தது. பிரசவத்தின்போதே தாயிடமிருந்து வந்தது. தெரிந்தால் அம்மா ஆற்றில் விழுந்துவிடுவாள் என்று வின் லொவானின் காலைப் பிடித்தான். ஒருநாள் அலமாரியில் மாத்திரைப் புட்டியைக் கண்டு மாமியார் கேட்க, அவன் முகம் வெளிறியது. என்னுடையது என்று சொல்லிவிட்டாள் லொவான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தக் கிண்ணம். சேர்ந்து சாப்பிடுவதால் ஒட்டுகிற நோயே அல்ல அது. அதை எத்தனை முறை சொன்னாலும் நோயாளி பேச்சு என்று தள்ளினார்கள். ஹியெனின் ரத்தத்தைப் பார்க்கவும் விடவில்லை. அவளுக்கும் இருக்குமென்றே லொவான் பயந்தாள்.

"என்னங்க, நான் பொறுத்தேன். அந்தக் குழந்தை ஏன் பொறுக்கணும்?"

வின் கஞ்சியைக் கிளறிக்கொண்டேயிருந்தான். லொவான் எழுந்து பையை எடுத்தாள்.

"தாராளமா போ. வீடு சுத்தமாகும்" என்றாள் மாமியார்.

லொவான் வாசல்வரை போய்விட்டாள். பின்னால் கிண்ணம் நகரும் சத்தம். திரும்பினாள். வின் சிவப்புப் பொட்டுக் கிண்ணத்தைத் தன் முன்னால் இழுத்து வைத்திருந்தான்.

"அம்மா... இது எனக்கு வச்சிருக்க வேண்டிய கிண்ணம். மாத்திரை என்னோடது. அவளுக்கு நோயே இல்ல."

துயெத்தின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. மூத்தவனுக்கும் இதேதானா என்றாள். வின் தலையசைத்தான். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் பெற்றவள் கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும்னா... என் வயித்துலேருந்தா?"

இந்தக் கேள்வி வரக் கூடாதென்றுதான் லொவான் ஏழு வருடம் வாயைக் கட்டியிருந்தாள். இனிப் பொய் சொன்னால் ஒரு குழந்தை போகும்.

"ஆமா அத்தை. உங்களுக்கு உங்க அம்மாகிட்டருந்து வந்திருக்கலாம். அப்ப ஊசியே கிடையாது. யார் தப்பும் இல்ல. இப்ப ஊசி இருக்கு. இன்னும் நேரம் இருக்கு."

துயெத் அழவில்லை. தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள்.

சுகாதார நிலையத்தில் குழந்தையின் தொடையில் ஊசி இறங்கியது. வீல் என்று கத்தியது. ஹியெனுக்கு ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்தும் துயெத் கட்டிலை நெருங்கவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரமே நின்றாள்.

"நான் தொட வேணாம்" என்றாள். "ரெண்டைக் கெடுத்த கை."

எத்தனை வேளைச் சோறு மூலையில் கழிந்தது! லொவான் எதுவும் சொல்லிக்காட்டவில்லை. குழந்தையைத் தூக்கி வந்து மாமியாரின் கைகளை முன்னால் இழுத்து அதில் கிடத்தினாள்.

"தொட்டா ஒட்டாது, அத்தை."

அப்போதுதான் அந்தக் கிழவி உடைந்தாள். பேரனோடு சேர்த்து மருமகளையும் இறுக்கிக்கொண்டு விம்மினாள்.

"இதைத்தானேடி ஏழு வருஷமா சொன்ன... மத்தியானம் வீட்டுக்கு வா. நடுக் கிண்ணத்துல நீ முதல்ல தொட்டுக்க."