பாலத்தில் நிற்காத அராயி

நெலிதா பெந்தாங்கூர் மாடிப்படி ஏறி வந்தபோது மான்டெவிடியோவின் ஆகஸ்ட் குளிர்காற்று ஜன்னல்களை உலுக்கிக்கொண்டிருந்தது. அக்குளில் வெந்நீர் பிளாஸ்க்கை இடுக்கி, கையில் மாத்தே என்ற கசப்பு இலைப் பானத்தின் குடுவையைப் பிடித்திருந்தாள். இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். வீடு தீப்பற்றிய செய்தியைச் சொல்ல வந்த மனிதர்கூடக் குடுவையை விடாமல் வந்ததை எபேர் கூர்பேலோ பார்த்திருக்கிறார்.

எபேர் காப்பீட்டு நிறுவனத்துக்காக எரிந்த வீடுகளைச் சோதித்து ஓய்வு பெற்றவர். எது எரிந்தது என்பதைவிட எது எரியவில்லை என்பதைத்தான் முதலில் பார்ப்பார். இப்போது சின்னச் சின்ன வழக்குகளைத் துப்பறிகிறார். உதவிக்கு யாமிலா. கியூபாவிலிருந்து வந்து ஒரு குளிர்காலம்கூட முழுதாகக் காணாதவள். எந்த வழக்கையும் கொலையாக்கிவிடத் துடிப்பவள். எபேருக்கு வயிற்றுப்புண். அதனால் அவர் அலுவலகத்தில் குடிக்கப் பால்தான், வேறு எதுவும் கிடையாது.

"எங்க அராயி கடைசி நேரத்துல சொல்லாமக் கொள்ளாமப் போயிடறா," என்றாள் நெலிதா. "ஏன்னு தெரியல. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா அவளை அழிச்சிடுவாங்க."

யாமிலா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். அராயி ஒரு வீடியோ கேமில் வரும் படகுக்காரி என்று தெரிந்ததும் முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. ஆனால் நெலிதா சொல்லச் சொல்ல அவளுக்கே ஆர்வம் வந்துவிட்டது. ஆட்டக்காரர் ஒரு மாய உலகத்தில் பயணம் போகிறார். அராயி வழிநெடுகத் துணைக்கு வருகிறாள். நாம் அவளிடம் நடந்துகொள்வதைப் பொறுத்து அவள் கதை கிளை கிளையாகப் பிரியும். நல்லபடியாக நடந்துகொண்டால், கடைசியில் பாலத்துச் சண்டையில் தோளோடு தோள் நிற்பாள். அந்தக் கிளைகள் அத்தனையும் நெலிதா எழுதியவை. அவள் அலுவலகத்தில் எல்லோரும் நூறு தடவை ஆடிப் பார்த்துவிட்டார்கள். அராயி ஒரு தடவைகூட விட்டுப் போனதில்லை. வெளிநாட்டில் சோதித்துப் பார்ப்பவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் வந்தது வினை. அவளைத் தங்கமாகத் தாங்கியவர்களையும் பாலத்தில் தனியாக விட்டுவிட்டு நடையைக் கட்டுகிறாள்.

பேசிக்கொண்டே நெலிதா, ஒரே குடுவையை ஆள் மாற்றி ஆள் குடிக்கும் ஊர் வழக்கப்படி, மாத்தே ஊற்றினாள். எபேர் வயிற்றைத் தொட்டுக் காட்டி வேண்டாம் என்றார். யாமிலா வாங்கி, உலோகக் குழலால் இலைத்தூளை நன்றாக ஒரு கலக்குக் கலக்கி உறிஞ்சினாள். கசப்பில் முகம் சுளித்தபடி குடுவையைத் திருப்பித் தந்தாள். நெலிதாவின் பேச்சு ஒரு கணம் நின்றது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அதற்கப்புறம் தனக்கு மட்டுமே ஊற்றிக்கொண்டாள்.

கேம் தயாரிக்கும் அலுவலகம் பலெர்மோ பேட்டையில் இருந்தது. இயக்குநர் பெயர் வாஷிங்டன் லாகுவெஸ்தா. இந்த நாட்டில் அது சாதாரணப் பெயர், கேட்டு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆள் பெரிய உடம்பு, பெருமை அதைவிடப் பெரிது. எங்கள் ஆட்டத்தில் கைக்கு எட்டும் எதையும் அசைக்கலாம், கயிற்றை அவிழ்க்கலாம், துடுப்பைப் புரட்டலாம், இவ்வளவு நுணுக்கம் எவனிடம் இருக்கிறது என்று கேட்டபடியே அழைத்துப்போனார். பிறகு குரலைத் தாழ்த்தி, இது நாசவேலை என்றார். அராயியின் குணத்தை நிரலாக எழுதிய ஹெர்மானுக்கு ஸ்பெயினிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறதாம். போகிற போக்கில் கெடுத்துவிட்டான், அவனையும் அனுப்பிவிட்டு அராயியையும் வெட்டிவிடுவேன் என்றார்.

ஹெர்மான் ஒல்லியான இளைஞன். கண்கள் சிவந்திருந்தன. "ஊரை விட்டுப் போறவன் வீட்டைக் கொளுத்திட்டா போவான்?" என்று மட்டும் கேட்டான்.

எபேர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக விசாரித்தார். அராயியின் மனதில் எது பதிவாகும்? மனக்கசப்பு பதிவாகும் என்றான் ஹெர்மான். கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். அளவு மீறினால் போய்விடுவாள். ஆனால் எதனால் கசப்பு வந்தது என்பது எங்கும் இருக்காது. அவள் ஒழுங்கு செய்து வைத்ததை யாராவது கலைத்தால் மனசு கோணும். அது நெலிதா கொடுத்த விதி.

"வாயைத் திறந்து சொல்லமாட்டா," என்றாள் நெலிதா. அதைச் சொல்லும்போது தலை தானாக நிமிர்ந்தது. "மனசுக்குள்ள வச்சுப்பா. எங்க ஊர்ப் பொம்பளை."

யாமிலா அதற்குள் ஒரு முடிவுக்கே வந்திருந்தாள். மொழிபெயர்ப்பில் கோளாறு, அராயி ஏதோ தப்பாகப் புரிந்துகொள்கிறாள் என்றாள். வாஷிங்டனும் முதலில் அப்படித்தான் நினைத்தாராம். ஆனால் பிரேசிலில் இருவர் ஆடினார்கள், இருவரும் ஒரே போர்த்துகீசிய வடிவத்தில். ரெசீஃபெ நகரத்துப் பெண்ணை அராயி விட்டுப் போனாள். போர்த்தோ அலெக்ரி ஆளோடு கடைசிவரை நின்றாள். எபேர் தலையாட்டிக்கொண்டார்.

பிறகு தானும் யாமிலாவும் ஆடிப் பார்க்க வேண்டும் என்றார். அராயி வரும் காட்சிகளை மட்டும் ஹெர்மான் வரிசையாகக் கோத்துத் தந்தான். எபேர் ஆடியது பார்க்கச் சகிக்கவில்லை. அவளோடு வாதாடினார், பரிசு ஒன்றும் தரவில்லை, ஒருமுறை ஆற்றிலேயே விழுந்தார். ஆனாலும் அராயி பாலத்தில் வந்து நின்றாள். யாமிலா உருகி உருகி ஆடினாள். காயத்துக்குக் கட்டுப் போட்டாள், முத்துமாலை கொடுத்தாள், ஒவ்வொரு முகாமிலும் தீப்பக்கத்தில் உட்கார்ந்து அவள் கதையைக் கேட்டாள். பாலம் வந்ததும் அராயி அவளை ஒரு பார்வை பார்த்தாள், திரும்பி நடந்துவிட்டாள்.

"நான் என்ன பண்ணேன் இவளுக்கு?" யாமிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் ஆடிய நேரம் முழுவதும் எபேர் திரையையே பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். வாஷிங்டனின் மேஜைமேல் இருந்த குடுவையை எடுத்து நடுவில் வைத்தார்.

"யாரும் எதையும் கெடுக்கல," என்றார். "யாரை விட்டுப் போனாள்னு நீங்க பார்த்தீங்க. யாரை விட்டுப் போகலைன்னு நான் பார்த்தேன். நீங்க எல்லாரும், அப்புறம் அந்த போர்த்தோ அலெக்ரிக்காரர். நம்மள மாதிரியே மாத்தே குடிக்கிற ஊர் அது. ரெசீஃபெக்காரங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஹெர்மான், முகாம்ல அராயி மாத்தே கொடுக்கிறா இல்ல? குழலை அசைக்க முடியுமா?"

"கைக்கு எட்டுற எல்லாத்தையும் அசைக்கலாம்," என்றான் ஹெர்மான் மெதுவாக.

"இலைத்தூளைச் சரிவா அடுக்கி, குழலை நட்டு வச்சது யாரு? அராயி. அவ வச்சதைக் கலைச்சா என்ன ஆகும்?"

வாஷிங்டன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நூறு தடவை ஆடியும் அந்த அலுவலகத்தில் ஒருவர் கைகூடக் குழலைத் தொட்டதில்லை. தொடலாம் என்ற நினைப்பே ஒருவருக்கும் வந்ததில்லை. இன்று காலை யாமிலா கலக்கினதும் நெலிதா பேச்சு நின்றதை, அதன்பின் குடுவை யாமிலாவிடம் திரும்பி வராததை எபேர் எடுத்துச் சொன்னார். நெலிதாவின் முகம் சிவந்தது.

"அப்போ அதை யாரு எழுதினது?" என்று கேட்டார் வாஷிங்டன்.

"யாரும் எழுதலை," என்றான் ஹெர்மான். "நான் விதியை மட்டும்தான் நிரல்ல போட்டேன். குழல் விஷயத்துல கோவிச்சுக்கிட்டது அவளே."

நெலிதா திரையைப் பார்த்தாள். அங்கே அராயி இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பெற்றவள் பார்க்கிற பார்வைதான் அது. யாரும் கற்றுக்கொடுக்காமல் தன் பெண் ஊர் மரியாதையைக் காப்பாற்றிவிட்டாள் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது.

வாஷிங்டன் பழைய இலையைக் கொட்டினார், புதிய தூளை அடுக்கிக் குழலை நட்டார், முதல் கசப்பைத் தானே குடித்தார். அடுத்ததை ஊற்றி ஹெர்மானிடம் நீட்டினார். ஹெர்மான் கொஞ்சநேரம் கையை நீட்டாமல் இருந்தான். அப்புறம் வாங்கிக் குடித்தான்.

அந்த விதியை எடுத்துவிடலாமா என்று ஹெர்மான் கேட்டபோது நெலிதா கூடாது என்றாள். ஆனால் ஊர் தெரியாதவர்களுக்கு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லட்டும், அதற்கு ஒரே ஒரு வசனம் போதும் என்றாள். என்ன சொல்வாள் அராயி? 'குழலைத் தொடாதே' என்று தட்டச்சு செய்துவிட்டு நெலிதா நிறுத்தினாள்.

யாமிலா தன் விடுதிக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் குடுவை ஒவ்வொருவரிடமும் போய், தன்னை மட்டும் தாண்டிப் போவதை நினைத்துக்கொண்டிருந்தாள். கறுப்பி என்பதாலோ, கியூபாக்காரி என்பதாலோ என்று அவள் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த விஷயம் அது. அங்கேயும் முதல் நாளே குழலைக் கலக்கியது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அது மட்டும் போதாது," என்றாள். "நான் சொல்லட்டுமா?"

நெலிதா எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். யாமிலா உட்கார்ந்து ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். எபேர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"குழலத் தொடாத. நான் வச்சது வச்சபடியே குடி. அடுத்ததும் உனக்குத்தான்."

வாஷிங்டன் அப்படியே இருக்கட்டும் என்றார். எழுதியவர்கள் பட்டியலில் அவள் பெயரையும் போடச் சொன்னார். எபேர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; என் உதவியாள் என்று வாஷிங்டனிடம் சொன்னார், யாரும் கேட்காமலேயே. நெலிதா குடுவையில் வெந்நீர் ஊற்றி, குழலின் முனையை யாமிலாவின் பக்கம் திருப்பி நீட்டினாள். யாமிலா இரண்டு கையாலும் வாங்கி, வைத்தது வைத்தபடியே குடித்தாள். கசப்பு அப்படியேதான் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த சுற்றுக்காகக் காத்திருந்தாள்.