குளிப்பாட்டிய தண்ணீர்

பாலாவிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, புருஷன் ஹுனைஸ் கொண்டுவந்த ஓட்டோவில் ஏறி, கற்பிட்டிக்கு வந்து சேரும்போது நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. மூன்று வருடம் குவைத்தில் யாரோ ஒருத்தியின் வீட்டைக் கூட்டிக் கழுவிவிட்டு வருகிறாள் அகீலா. போகும்போது பாதிச் சுவராய் நின்ற வீடு இப்போது பச்சை வர்ணம் பூசி, ஜன்னலெல்லாம் போட்டு நின்றது. முற்றத்திலிருந்து பின்வளவு மதில் வரைக்கும் ஒரு சாண் மண் தெரியாமல் இன்டர்லொக் கல் பதித்திருந்தார்கள்.

"வீடு எப்பிடி?" என்று கேட்டான் ஹுனைஸ்.

"வடிவா இருக்கு," என்றாள். கதவைத் திறந்துவிட அந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை.

முன்பென்றால் தங்கை றைஸா, "ராத்தா" என்று அக்காவைக் கூப்பிட்டபடி ஓடி வந்திருப்பாள். உம்மா வாப்பா இல்லாத இரண்டு பெண்கள். தங்கையைத் தன்னோடு வைத்து வளர்த்ததே அகீலாதான். றைஸாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு நோய். ஏழு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் இழுப்பு முற்றி, வாகனம் பிடிப்பதற்குள் மவுத்தாகிவிட்டாள் என்று ஹுனைஸ் போனில் சொன்னான். குவைத் மேடம் லீவு தரவில்லை. அகீலா போனைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"முறையாக் குளிப்பாட்டுங்க. குழி வெட்டச் சொல்லுங்க."

அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மையித்தை, இறந்தவர் உடம்பை, குளிப்பாட்டும் பலகைக்குக் கீழே ஒரு குழி வெட்டுவார்கள். மையித்தின்மேல் பட்ட தண்ணீர் முழுக்க அதில்தான் இறங்கவேண்டும். பிறகு மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள். மீன் கழுவின தண்ணீரோடும் சோற்றுக் கஞ்சியோடும் அது கலக்கக்கூடாது, ஒருவர் காலிலும் மிதிபடக்கூடாது.

"றஹ்மத் உம்மாதான் வந்து குளிப்பாட்டினா," என்றான் ஹுனைஸ் அன்றைக்கு. "பின்வளவுல குழி வெட்டினோம். ஒரு குறையும் வெக்கல புள்ள."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு மாதமும் அவள் மூச்சு விட்டாள்.

பயணக் களைப்புக்குக் குளிக்கலாம் என்று குளியலறைக் கதவைத் திறந்தால், உள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அழுக்குத் தண்ணீர் இல்லை. அடியில் பதித்த நீலக் கல் பளிச்சென்று தெரிகிற அளவுக்குத் தெளிந்த தண்ணீர்.

"அது அடைச்சிக் கிடக்கு," என்று பின்னாலிருந்து ஹுனைஸ் அவசரமாய்ச் சொன்னான். "நான் கிணத்தடியிலதான் குளிக்கிற. நீயும் அங்க குளி."

"எவ்வளவு நாளா அடைச்சிருக்கு?"

"கொஞ்ச நாளா," என்றவன், கருவாட்டு வாடியில் வேலை இருக்கிறதென்று புறப்பட்டுவிட்டான்.

அடைத்துக் கிடக்கிறதாம், கிணற்றடியில் குளிக்கவேண்டுமாம். அகீலா விடுகிற ஆளா? குவைத்தில் எட்டுப் பேர் குளிக்கிற வீட்டில் மூன்று குளியலறையையும் ஒரு நாள் அடைக்க விடாமல் வைத்திருந்தவள் அவள். வெள்ளிக்கு வெள்ளி தண்ணீர் போகிற ஓட்டையின் சல்லடையைக் கழற்றி மயிரை எடுத்து, அப்பச்சோடா போட்டு, வினாகிரி ஊற்றி, நுரைத்து அடங்கினதும் ஒரு கேத்தல் சுடுதண்ணீர். சட்டியில் மிஞ்சின எண்ணெயைப் பைப்பில் ஊற்றுகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆண்பிள்ளையை நம்பி வீட்டை விட்டால் இப்படித்தான் என்று முணுமுணுத்தபடி உடுப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

தண்ணீர் குளிராக இருந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது. கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தாங்கியிலிருந்து வருகிற தண்ணீரே சுடும். இது மட்டும் இரவில் இறைத்து வைத்ததுபோல் குளிர்ந்தது.

சல்லடையைக் கழற்றினாள். கையை விட்டுத் துழாவினாள். மயிர் இல்லை, சவர்க்காரக் கட்டி இல்லை, ஒரு துளி வழுக்கல்கூட இல்லை. ஈர்க்கை விட்டாள்; தடங்கலில்லாமல் முழுதும் உள்ளே போனது. அப்பச்சோடாவும் வினாகிரியும் சுடுதண்ணீரும் போட்டுப் பார்த்தாள். நுரை பொங்கி அடங்கியது. தண்ணீர் ஒரு நூல் இறங்கவில்லை.

அப்போதுதான் மணம் வந்தது.

அடைத்த பைப்பின் நாற்றம் அவளுக்குத் தெரியும். இது அது இல்லை. கற்பூர மணம். மையித்துக்குக் கடைசியாக ஊற்றுகிற தண்ணீரில் கரைக்கிற கற்பூரம்.

அகீலா கையை எடுத்துக்கொண்டாள். வெளியே கச்சான் காற்று தென்னைகளைப் போட்டு உலுப்பிக்கொண்டிருந்தது. ஓட்டைக்குள்ளே ஒரு குமிழி வந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. அதற்குப் பிறகு ஒரு நீண்ட இழுப்பு.

ஈய்ய்ங்.

நிறுத்தி, மறுபடி.

ஈய்ய்ங்.

எத்தனை இரவு பக்கத்தில் படுத்து, முதுகைத் தடவிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள் அவள்.

"றைஸா?" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது.

இழுப்பு நின்றது. தண்ணீருக்கடியிலிருந்து, மூச்சுப் போதாத ஒரு குரல் வந்தது.

"ராத்தா."

எப்படி வெளியே ஓடி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கிணற்றடியில் உட்கார்ந்து, தெரிந்த ஓதலெல்லாம் ஓதினாள். மூன்று நாள் தூக்கமில்லாத காதுக்கு எதுவும் கேட்கும் என்று தன்னைத் தானே அதட்டினாள். அன்றிரவு அந்தக் கதவைச் சாத்தி, முன்னால் ஒரு கதிரையையும் இழுத்து வைத்துவிட்டுப் படுத்தாள். ஹுனைஸ் கதிரையைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அவளுக்கு உறுத்தியது.

மறுநாள் காலை, அவன் வாடிக்குப் போனதும், உடப்பிலிருந்து வந்து கற்பிட்டியில் பைப் வேலை செய்கிற யோகேஸ்வரன் பாஸைக் கூப்பிட்டாள். அவர் சுருள் கம்பியைப் பைப்புக்குள் விட்டுச் சுற்றினார். வெளியே போய் மதிலோரத்துக் கழிவுநீர்க் குழியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். கம்பியின் நுனி அங்கே சுத்தமாக வெளியே வந்து கிடந்தது.

"அக்கா, பைப்பில ஒரு பழுதும் இல்லை," என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. "மணலும் இல்லை, எண்ணெயும் இல்லை. கம்பி இந்தப் பக்கத்தால போய் அந்தப் பக்கத்தால வருது. தண்ணி மட்டும் ஏன் போகுதில்லை எண்டு எனக்கு விளங்கேல்லை. இருபது வருஷமா இந்த வேலைதான் செய்யிறன்."

அகீலா காலடியில் பதிந்திருந்த கல்லைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "இந்த இன்டர்லொக் கல்லுப் பதிச்சது ஆரு பாஸ்?"

"நானும் என்ர மச்சானும்தான். போன வருஷம் நோன்புக்கு முன்னம்."

றைஸா மவுத்தானது நோன்புப் பெருநாளுக்கும் பிறகு.

"என்ட தங்கச்சி மவுத்தான நேரம், பின்வளவுல குழி வெட்ட எந்த இடத்துல கல்லைக் கிளப்பினாங்க? திரும்பப் பதிச்சதும் நீங்கதானா?"

யோகேஸ்வரன் பின்வளவை மதில் முதல் மதில் வரை பார்த்தார். குனிந்து இரண்டு மூன்று இடத்தில் விரலால் தடவியும் பார்த்தார்.

"குழியா? என்ர கல்லை ஒருத்தரும் தொடவே இல்லை அக்கா. கிளப்பினா எனக்குத் தெரியும்."

கல் அழகாய் இருக்கவேண்டுமென்று குழி வெட்டாமல் விட்டானா இந்த மனிதன்? தன் தங்கையின் தண்ணீரைக் குளியலறைப் பைப்பில் விட்டானா? அபாயாவை எடுத்துப் போட்டுக்கொண்டு நேரே றஹ்மத் உம்மா வீட்டுக்கு நடந்தாள். நாலு தெரு தள்ளித்தான். அந்த வட்டாரத்துப் பெண்களின் கடைசிக் குளிப்பெல்லாம் றஹ்மத் உம்மாவின் கையால்தான் நடக்கும்.

"நானா?" என்றாள் றஹ்மத் உம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தி. "நான் குளிப்பாட்டல்ல மகள். செய்தி கேட்டு ஓடி வரக்குள்ள குளிப்பாட்டிக் கபன் துணியும் சுத்தியாச்சி. புத்தளத்துல இருந்து உங்கட சொந்தக்காரப் பொம்புளையள் வந்து செஞ்சிட்டுப் போனாங்க எண்டார் உங்கட மாப்புள ஹுனைஸ்."

புத்தளத்தில் அகீலாவுக்கு இருப்பது ஒரே ஒரு மாமி. அந்த மாமி போனில் அழுதுகொண்டே சொன்னது அவள் காதில் அப்படியே இருக்கிறது: நாங்க வரக்குள்ள கற்பிட்டி ஆக்களே குளிப்பாட்டி முடிச்சிட்டாங்க, கடைசியா ஒரு கை தண்ணிகூட ஊத்தக் கிடைக்கல்ல.

அங்கே இவர்கள் என்று சொல்லி, இங்கே அவர்கள் என்று சொல்லி, இரண்டு பக்கத்தையும் ஒருவன் ஏமாற்றியிருக்கிறான்.

அப்படியென்றால் றைஸாவைத் தொட்டுக் குளிப்பாட்டியது யார்?

றஹ்மத் உம்மா கத்தியைக் கீழே வைத்தாள். முகம் மாறிவிட்டது. "பின்னேரம் அசர் தொழுதுட்டு வாறன்," என்றாள். "மாப்புளயையும் வீட்டுல நிக்கச் சொல்லுங்க."

அசருக்குப் பிறகு மூன்று பேரும் குளியலறை வாசலில் நின்றார்கள். கதவைத் திறந்ததும் கற்பூரம் முகத்தில் அடித்தது. ஹுனைஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டான். றஹ்மத் உம்மா பிஸ்மி சொல்லிக்கொண்டு படியில் உட்கார்ந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, வலது கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

கை நகர்ந்தது.

தலை. தோள். விலா.

வெறுந்தண்ணீரில், கண்ணுக்குத் தெரியாத ஒருத்தியைக் குளிப்பாட்டுவதுபோலத்தான் அந்தக் கை போனது. ஓட்டையில் இழுப்புக் கேட்கத் தொடங்கியது. இந்த முறை எல்லாருக்கும் கேட்டது.

வயிறு வரும் இடத்தில் கை நின்றது.

றஹ்மத் உம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இஞ்ச ரெண்டு பேர் மகள்," என்றாள் மெதுவாக.

அகீலாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, குளிப்பாட்டினது ஆரு?" என்றாள் றஹ்மத் உம்மா, திரும்பிப் பார்க்காமலே.

"நான்தான்," என்றான் ஹுனைஸ்.

"உங்கட பொஞ்சாதிட தங்கச்சி. நீங்க தொடவே கூடாத உடம்பு. என்னைக் கூப்பிட்டா நான் வயித்துல கை வெப்பன், எனக்குத் தெரிஞ்சிரும். அதுதானே?"

அவன் தலையை ஆட்டினான்.

"ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்தானே," என்றாள் அகீலா. தன் குரல் இவ்வளவு அமைதியாய் வருவது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "இழுப்பு வந்த நேரம் ஏன் கொண்டு போகல்ல?"

"டொக்டர் பாத்தா சொல்லிருவார்... அஞ்சு மாசம் எண்டு..." என்றான் ஹுனைஸ். "கொஞ்சம் பொறுத்தா இழுப்பு நிண்டுரும் எண்டு நினைச்சன். கதவைச் சாத்திட்டு வெளிய நிண்டன்."

கதவைச் சாத்திவிட்டு நின்றானாம்.

பத்து வருடம் பிள்ளைக்காக அவள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. அந்தப் பிள்ளை இங்கே, அவள் வீட்டில், அவள் தங்கையின் வயிற்றில் இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் சிரித்தாளே றைஸா, ராத்தா எப்ப வாறீங்க என்று கேட்டாளே, கடைசி மாதங்களில் அந்தக் கமெரா கழுத்துக்குக் கீழே இறங்கவே இல்லையே. புருஷன் செய்தது நெஞ்சைப் பிளந்தது. தங்கை மறைத்தது அதைவிட ஆழத்தில் போய் வலித்தது. யாருக்காக அழுவதென்று தெரியாததால் அழுகையும் வரவில்லை.

"வெளிய போங்க," என்றாள் அவனிடம். "இனி இந்தப் படியில கால் வெக்காதங்க."

"பள்ளிவாசலுக்கும் பொலிசுக்கும் நான் சொல்லுவன்," என்றாள் றஹ்மத் உம்மா. அவன் செருப்பைக்கூடப் போடாமல் போனான்.

அலவாங்குக் கம்பியை எடுத்துப் பின்வளவுக் கல்லை அகீலாவே கிளப்பினாள். முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினாள். உள்ளங்கை கொப்புளித்தது.

"நாலு மாசம் தாண்டின பிள்ளைக்கும் குளிப்பு இருக்கு மகள்," என்றாள் றஹ்மத் உம்மா தயங்கித் தயங்கி. "வேறாக ஒரு குழி வெட்டுவம். ஒரு பேரும் வெக்கணும். ஆம்புளப் பிள்ள மாதிரித்தான் தெரிஞ்சிச்சி. என்ன பேர் வெக்கிற?"

"அதுக்கு நான் ஏன் பேர் வெக்கணும்?" என்றாள் அகீலா. "ஒரு குழி போதும்."

இருவரும் குளியலறைத் தண்ணீரை வாளி வாளியாய் அள்ளிக் கொண்டுபோய் ஊற்றினார்கள். மணல் ஒவ்வொரு வாளியையும் சத்தமில்லாமல் குடித்தது. அள்ள அள்ள இழுப்புச் சத்தம் தணிந்து, கடைசி வாளியோடு முற்றாய் நின்றது. கற்பூர மணமும் போய்விட்டது. மண்ணைத் தள்ளி மூடி, றஹ்மத் உம்மா நெடுநேரம் துஆக் கேட்டாள். பிறகு குழாயைத் திறந்து பார்த்தார்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓட்டையில் இறங்கி, மதிலோரத்துக் குழிக்குள் விழுகிற சத்தம் கேட்டது.

"முடிஞ்சிச்சி," என்று சொல்லிவிட்டு றஹ்மத் உம்மா வீட்டுக்குப் போனாள்.

அகீலா குளியலறைத் தரையை இரண்டு முறை தேய்த்துக் கழுவினாள். காய்ந்த சீலையால் துடைத்தாள். சல்லடையைத் திரும்ப மாட்டுவதற்காகக் குந்தி, ஓட்டையின் விளிம்பில் மண் ஒட்டியிருக்கிறதா என்று விரலை விட்டுச் சுற்றித் தடவினாள். உள்ளே ஈரமே இல்லை.

விரலை எடுக்க முடியவில்லை.

எதுவோ அதைப் பிடித்திருந்தது.

சின்னஞ்சிறிய பிடி. சூடாக, மெத்தென்று, ஐந்து விரல்களாலும், பிறந்த பிள்ளை பிடிப்பதுபோலப் பிடித்திருந்தது. இழுத்தால் விட்டுவிடும், அவ்வளவு பலம்தான் அதற்கு.

அகீலா வாய் வரைக்கும் வந்த அலறலை விழுங்கிக்கொண்டாள். மஃரிபுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பாங்கு முடிந்த பிறகும் அவள் விரலை இழுத்துக்கொள்ளவில்லை.