மூடியடைத்த வாய்க்கால்

வாய்க்கால் தண்ணீர் குளத்துக்குப் போகாமல் கடைத்தெருவுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. கோழிக்கடை இறகுகள், கராஜ் எண்ணெய், சோடாப் போத்தல்கள், வயிறு வெளுத்த குளத்து மீன்கள் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அது சத்தமில்லாமல் மேடேறுவதைத் தேனுகா பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னேரம் நாலு மணிதான். மழை இருட்டில் புதுக்குடியிருப்புக் கடைகள் லைற் போட்டிருந்தன.

'துப்புரவாக உள்ளது' என்று போன மாதம் இந்த வாய்க்காலுக்குப் பொறியியலாளராகக் கையெழுத்து வைத்தவள் அவள். வாய்க்காலைக் கட்டிய கொந்திராத்துக்காரரின் திறப்புவிழா அவசரத்தில் ஒரு கொங்கிறீற் மூடியைக்கூடக் கிளப்பிப் பார்க்கவில்லை. கொங்கிறீற் வார்க்க உள்ளே அடித்த பலகைகளைக் கழற்றாமலே மூடியிருக்கிறார்கள். இப்போது அவற்றைக் கழற்ற, கிணறு வெட்டுகிற அவளது அப்பா தவராசா ஒரு மூடியை நெம்பித் திறந்து, இடுப்பில் கயிற்றோடு உள்ளே இறங்கியிருந்தார். மறுமுனையை அவள் கையில் கொடுக்கும்போது சொன்னார்:

"ரெண்டு தரம் இழுத்தா சுகம். ஒருக்கா இழுத்தா தூக்கு. பட்டம் வாங்கின கையெண்டு நழுவ விட்டிடாதை, பிள்ளை."

கயிறு இரண்டு தரம் இழுபட்டது. சுகம்.

தண்ணீர் திறந்த வாய்வரை ஏறியது. அழுகிய இறகும் டீசலும் கலந்த நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. மீண்டும் இரண்டு இழுவை.

"தண்ணி மூடிட்டுது, அண்ணை!"

கொந்திராத்துக்காரரின் மேற்பார்வையாளர் சுதாகரன் குடைக்குள் சிரித்தார். "கொப்பர் கிணத்துக்குள்ளயே பிறந்த ஆள். ஏன் தங்கச்சி பதறுறீர்?"

"நீங்கள் விட்ட பலகைக்கு அவர் ஏன் இறங்கோணும்? நீங்கள் இறங்குங்கோவன்!"

"கையெழுத்து என்ரையில்லையே."

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்து நிமிடம் தண்ணீருக்குள் ஒரு மனிதன் எப்படி இருப்பான்? ஆனாலும் இழுபட்டது. இரண்டு தரம். அவசரமில்லாமல்.

அவள் இழுக்கத் தொடங்கினாள். கயிறு கனத்தது. ஓராள் கனமில்லை, அதைவிடக் கூட. காலைக் கடைத் தூணில் முட்டுக்கொடுத்து, முழம் முழமாக இழுத்தாள். உள்ளங்கை கிழிந்தது.

"அப்பா!"

இரண்டு இழுவை.

"தேனு! ஏன் கத்துறாய்?"

குரல் பின்னால் கேட்டது. குளத்து ரோட்டால் அப்பா ஓடி வந்தார். உடம்பெல்லாம் சேறு. இடுப்பில் கயிறில்லை.

"ஒரு பலகை கழண்டவுடன வெள்ளம் என்னை அங்கால கொண்டுபோய்க் குளத்தில தள்ளிட்டுது. கயிறு சிக்கினதால அப்பவே அவிட்டு விட்டிட்டன்."

மிச்சப் பலகைகளும் பிய்த்துக்கொண்டு போக, வாய்க்கால் கொர்ரென்று உறிஞ்சியது. தண்ணீர் இறங்கியது. ஒரு சாண். இரண்டு சாண்.

கயிறு விறைத்து நின்றது.

அதில் விரல்கள். வெளுத்தவை. நகமில்லாதவை. ஒரு சோடிக் கைகளுக்குக் கீழே இன்னொரு சோடி. அதற்குக் கீழே இன்னொன்று. இருட்டு தொடங்கும் இடம்வரை.

மேலே இருந்த சோடி அடுத்த பிடிக்கு ஏறியது.